அம்மம்மாவின் பற்றுச்சீட்டு

வருமான வரி செய்யும் நாட்களில் கனடாவிலுள்ள எங்கள் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்குப் பணம் கொடுத்ததாகக் காட்டலாமா? கணக்காளரின் விடை சுருக்கமானது: உண்மையிலேயே கொடுத்திருந்தால் காட்டலாம்.

சட்டம் சொல்வது இதுதான். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை, அதற்கு மூத்த, 16 வயது வரையான பிள்ளைக்கு 5,000 டொலர் வரை பராமரிப்புச் செலவாகக் கழிக்கலாம். பெரும்பாலும் கணவன் மனைவியரில் வருமானம் குறைந்தவரே கழிக்கவேண்டும். பிள்ளையின் தாய் தகப்பனுக்கோ, 18 வயது நிரம்பாத உறவினருக்கோ கொடுத்தது செல்லாது. அம்மம்மாவுக்குக் கொடுத்தது செல்லும். ஆனால் அவர் தன் சமூகக் காப்புறுதி இலக்கத்தோடு பற்றுச்சீட்டுத் தரவேண்டும்; அதைத் தன் வருமானமாகவும் காட்டவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. உடல் நலிந்து எங்களில் தங்கியிருப்பவர் என்று அவர் பேரில் வரிச்சலுகை எடுத்திருந்தால், அவருக்குக் கொடுத்த கூலியைக் கழிக்கமுடியாது. என்னை யோசிக்க வைத்தது இந்த விதிதான். ஒரே ஆளைச் சுமையாகவும் உழைப்பாளியாகவும் எழுதச் சட்டம் விடுவதில்லை. வீட்டில் நாங்கள் தாராளமாக எழுதுகிறோம். வந்தவர்களிடம் "அம்மாவை நாங்கள்தான் வைத்துப் பார்க்கிறம்" என்கிறோம். விடிய எழும்பிப் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தி, பனிச் சப்பாத்து மாட்டி அனுப்புகிறவர் அந்த அம்மாதான்.

பிள்ளை பார்க்கும் செலவு பற்றிய வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரொறன்ரோ வழக்கறிஞர் எலிசபெத் சைம்ஸ், தன் பிள்ளைகளைப் பார்த்த பெண்ணின் சம்பளத்தைத் தொழிற்செலவாகக் கழிக்கக் கேட்டார். 1993இல் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் மறுத்தார்கள். மாறுபட்ட இருவரும் பெண்கள். அந்த அமர்வில் இருந்த பெண்களும் அவர்கள் இருவரே. அது கொடுப்பவரின் செலவு பற்றிய வழக்கு. நான் வாங்குபவரின் பக்கம் நின்று பார்க்க விரும்புகிறேன்.

"பெற்ற தாய்க்குச் சம்பளமா?" என்ற கேள்வி கேட்க நன்றாக இருக்கிறது. அதைக் கேட்பவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கவேண்டியவர். கூலிக்கு வரும் பெண் "அடுத்த கிழமை வரமாட்டன்" என்று சொல்லலாம். முழங்கால் நோவோடு படியேறும் அம்மம்மா அதைச் சொன்னால் வீடே முகம் சுளிக்கும். கூலியின் பெறுமதி தொகையில் மட்டும் இல்லை; மறுக்கும் உரிமையும் அதோடு வருகிறது.

பணத்தை நீட்டினாலே மனம் நோகும் தாய்மாரும் உண்டு. என் அம்மாவும் வாங்கமாட்டார். அதை மதிக்கிறேன். அப்படியானால் பற்றுச்சீட்டும் எழுதக்கூடாது. பணம் கைமாறாமல் "அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று நீட்டப்படும் தாள் வரித் திணைக்களத்துக்குச் சொல்லும் பொய் மட்டுமல்ல. வருமானம் குறைந்த முதியோருக்கு ஓய்வூதியத்தோடு கிடைக்கும் ஜிஐஎஸ் கொடுப்பனவு, உழைத்த வருமானம் ஆண்டுக்கு 5,000 டொலரைத் தாண்டினால் குறையலாம். வாங்காத கூலிக்காக அவர் உள்ளதையும் இழக்கக்கூடும். எங்களுக்கிடையில் காசுக் கணக்கு இல்லை என்று அவரிடம் சொன்ன அதே வீடு, அவருடைய உழைப்பைக் காட்டி அரசாங்கத்திடம் காசு பெறுகிறது.

கொடுப்பதென்றால் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடவேண்டும். அதை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று கேட்கக்கூடாது. கொடுப்பதில்லை என்றால் அந்தக் கழிவை விட்டுவிடவேண்டும். இரண்டில் எதுவானாலும், படிவத்தின் 21400ஆம் வரியை நிரப்ப முன்னர் அவரிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: வாற வருசமும் பிள்ளையைப் பார்க்க உங்களுக்கு விருப்பமா? "இல்லை" என்ற பதிலுக்கும் நாங்கள் ஆயத்தமாக இருந்தால்தான் அது கேள்வி.