பொதுச் சுவர்

ஹல்துமுல்லைத் தோட்டத்து லயங்களில் ஒரு காம்பராவின் இருமல் அடுத்த காம்பராவிலும் கேட்கும். உலகமும் அத்தகைய லயமே. எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குகிறது; பெருகும்போது மாறுகிறது; எதிர்ப்புக்குத் தப்பிய வடிவங்கள் நிலைக்கின்றன. 2020-21இல் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. முற்றிய பெண்ணொருவரிடம் கொரோனா வைரஸ் 216 நாட்கள் தங்கி, 30க்கு மேற்பட்ட மாற்றங்களை அடைந்தது. அப்பெண்ணைக் குற்றவாளி என்போமா? மருந்தையும் போஷாக்கையும் உரிய வேளையில் ஏழைகளிடம் சேர்க்காத சமுதாய அமைப்பையன்றோ நாம் விசாரிக்க வேண்டும்! தொற்றுக்கு அஞ்சி உதவுவது அறமாகுமா என்று சிலர் வினவலாம். அஞ்சுவதற்கு முன்பே உதவியிருந்தால் இவ்வினாவே எழுந்திராது. நமக்கு ஆபத்தில்லாதபோதும் அயலாரின் பிணி தீர்ப்பது நம் கடமையே.