கிழவியின் இரண்டு காசு



இந்த ஞாயிறு ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசுவோம். பிரசங்கத்தில் கதையா என்று முகம் சுளிக்க வேண்டாம். நமதாண்டவரும் உவமைகளால் போதித்தவரே. அமெரிக்காவில் மிஸிஸிப்பி நாட்டைச் சேர்ந்த யூடோரா வெல்ட்டி அம்மையார் 1941-ம் ஆண்டில் வெளியிட்ட "தேய்ந்த பாதை" என்பதே அது.

பீனிக்ஸ் ஜாக்ஸன் கறுப்பினத்துக் கிழவி. 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலையானபோதே பள்ளிக்கூடம் போகும் வயதைக் கடந்தவள். எரிகாரத்தை விழுங்கித் தொண்டை வெந்துபோன பேரனுக்கு மருந்து வாங்க, டிசம்பர் மாதக் குளிரில், குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு நாச்செஸ் பட்டணத்துக்கு நடக்கிறாள். ஓடையின்மேல் கிடந்த மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறாள். முள்கம்பிக்கு அடியில் குழந்தைபோல் தவழுகிறாள். நாய் பாய்ந்து, பள்ளத்தில் விழுகிறாள்.

அவளைத் தூக்கிவிட்ட வேட்டைக்காரனின் பையிலிருந்து ஐந்து சென்ட் காசு ஒன்று கீழே விழுகிறது. அவன் நாயைத் துரத்தும் சமயத்தில் கிழவி அதை எடுத்து ஒளித்துக்கொள்ளுகிறாள்.

திருட்டல்லவா என்பீர்கள். ஆம், திருட்டுத்தான், ஏழாம் கற்பனையைத் தளர்த்த நமக்கு ஏது அதிகாரம்? அவளும் தளர்த்தவில்லை. தலைக்குமேல் ஒரு பறவை பறக்க, சர்வேசுரன் இவ்வளவு நேரமும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் நெஞ்சு சுடுகிறது. வேட்டைக்காரனோ, கையில் காசு இருந்தால் தருவேனே என்கிறான். பையில் காசோடு வந்தவன் சொன்ன பொய் இது! அவன் நெஞ்சு சுட்டதாகக் கதையில் இல்லை.

வைத்தியசாலையில் களைப்பினால் வந்த காரியமே அவளுக்கு மறந்துபோகிறது. தாதிக்குப் பொறுமை இல்லை; பையன் செத்துவிட்டானா என்றே கேட்டுவிடுகிறாள். பிறகு மருந்தைக் கொடுத்து, புத்தகத்தில் "தர்மம்" என்று குறிக்கிறாள். அந்தச் சொல்லைத்தான், சகோதரரே, நாமும் எவ்வளவு எளிதாய் எழுதிவிடுகிறோம்!

கிறிஸ்துமஸ் காலமாயிற்றே என்று அங்கிருந்த உத்தியோகஸ்தி சில்லறை தர முன்வருகிறாள். கிழவி கூசாமல் ஐந்து சென்ட்டாகவே கேட்டு வாங்கி, முதல் காசோடு சேர்க்கிறாள். தேவாலயத்து விதவையின் இரண்டு காசு நமக்கு ஞாபகம் வருகிறது. இவளுக்கு உண்ணவோ உடுக்கவோ எண்ணமில்லை; பேரனுக்குக் காகிதக் காற்றாடி வாங்க வேண்டும்.

பேரன் உண்மையில் இறந்துவிட்டானா என்று வாசகர் பலர் கேட்டதுண்டு. 1974-ல் அம்மையார் ஒரு கட்டுரையில் விடை எழுதினார்: எப்படியிருந்தாலும் கிழவியின் பயணம் மாறாது. கதையில் அவள் ஒரு கையை உயர்த்திக் காற்றாடியை எப்படிப் பிடித்துப் போவாள் என்று காட்டிவிட்டு, மெள்ளப் படியிறங்குகிறாள். வந்த தூரமெல்லாம் இனித் திரும்பி நடக்க வேண்டும்.