பழைய கப்பலும் பற்றும்

புனேவை அடுத்த ஆகுர்டியில் தலைமையகம் கொண்ட பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2016-ஆம் ஆண்டு ‘வி15’ என்னும் மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. அதன் பெட்ரோல் டாங்கிக்கான உருக்கில் ஒரு பகுதி, உடைக்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்திலிருந்து வந்தது. 1971 போரில் வங்கக் கடலில் நின்று, சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தன் விமானங்களால் தாக்கிய கப்பல் அது. கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்த நிலையிலும் போருக்குச் சென்றது. அத்தகைய கப்பலை உடைத்து விற்கலாமா என்று பலர் மனம் நொந்தனர்.

அவர்களது உணர்ச்சி மதிக்கத்தக்கது. ஆயினும் நடந்ததைச் சற்று ஆராய வேண்டும். 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்ற விக்ராந்த், மும்பையில் அருங்காட்சியகமாக நிறுத்தப்பட்டது. பாதுகாப்பற்றது என்று 2012-இல் மூடப்பட்டது. 2014-இல் ஏலம், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு, அவ்வாண்டு நவம்பரிலேயே உடைப்பு. ஏல அறிவிப்பு வந்தபோது எழுந்த குரல்களில் பாதியேனும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுந்திருக்கலாம்.

உருக்குக் கப்பல் ஒரு விழாவோடு திருப்தி அடைவதில்லை. வெளிப்பக்கத் துருவைக் கண் காணும். அடித்தட்டில் தேங்கிய நீர் உள்ளிருந்து அரிப்பதைக் காணாது. உலர்துறையில் ஏற்றி, துருவைச் சுரண்டி, தகட்டின் கனத்தை அளந்து, மெலிந்த இடங்களை வெட்டிப் புதிய தகடு பொருத்தி, வண்ணம் பூச வேண்டும். சில ஆண்டுகளில் மீண்டும் அதே வேலை. பிரிய மனமில்லாமையும் அன்பும் ஒன்றல்ல என்பது இங்குதான் வெளிப்படுகிறது. மனமில்லாதவர் கப்பலை விடவும் மாட்டார், உலர்துறைக்குக் கொண்டு செல்லவும் மாட்டார். துரு அவருக்காகக் காத்திருப்பதில்லை.

1911-இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட ‘பெக்கிங்’ என்ற நான்கு பாய்மர உருக்குக் கப்பலின் கதை வேறு. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் பல பத்தாண்டுகள் நின்று அது சீர்கெட்டது. தன்னால் இதைப் பேண இயலாது என்று அந்த அருங்காட்சியகம் அதைக் கைவிட்டது. 2017-இல் ஜெர்மனிக்குத் திரும்பிய கப்பல், மூன்றாண்டு வேலைக்குப்பின் 2020-இல் ஹாம்பர்க்கை அடைந்தது. விட்டுக் கொடுத்ததனால் பிழைத்தது. எனவே, மீட்பதா கைவிடுவதா என்ற கேள்வியே சில வேளைகளில் தவறாக எழுப்பப்படுகிறது. பேணும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே முதல் வேலை. விக்ராந்துக்கு அப்படியொருவர் கிடைக்கவில்லை. அந்நிலையில் ஆட்கள் ஏறி இறங்கும் துருப்பிடித்த கூட்டை வைத்திருப்பதைவிட உடைத்ததே பொறுப்பான செயல்.

அப்படியானால் எதுவும் இழக்கப்படவில்லையா? மிலிந்த மன்னரிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டது நினைவுக்கு வரும்: சக்கரமா தேர், அச்சா தேர்? எதுவுமில்லை, இவை சேர்ந்த நிலைக்கு வழங்கும் பெயரே தேர். இதைக் கேட்டு, கப்பலும் வெறும் பெயர்தானே என்று சிலர் எளிதில் ஆறுதல் கொள்வர். அது அவசரம். சேர்க்கைக்கே அந்தப் பெயர் என்றால், சேர்க்கை கலைந்தபின் மிஞ்சிய உருக்கு விக்ராந்த் ஆகாது. அதை டாங்கியில் வைத்துப் பெருமிதத்தோடு ஓட்டியவர் விக்ராந்தை ஓட்டவில்லை. அதன் நினைவைத் தாமே அங்கே வைத்தார். பெயரோ 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட வேறொரு கப்பலுக்குச் சூட்டப்பட்டது. உருவம் மும்பையில் அழிந்தது, பொருள் புனே நிறுவனத்திடம் சென்றது, பெயர் வேறொரு கப்பலில் இருக்கிறது. காக்க வேண்டும் என்று வழக்காடியவர்கள் இம்மூன்றில் எதைக் காக்க விரும்பினர்?

வி15-இன் தயாரிப்பும் பின்னர் நின்றுவிட்டது. அந்த வண்டிகள் பழசாகி வருகின்றன. டாங்கியில் துரு காணும் நாளில், வைத்துக்கொள்வதா எடைக்குப் போடுவதா என்று அவற்றின் உரிமையாளர்களும் யோசிப்பார்கள்.