மண்ணில்லாப் பயிரும் ஆன்மிக வேளாண்மையும்

ஆன்மிக விவசாயம் என்று இந்நாளில் பேசப்படும் நெறி, மண்ணே இன்றி நீரில் வேர்விட்டு வளரும் பயிர்க்கும் பொருந்துமோ என்று அன்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். மாடியில் குழாய்களை அடுக்கிக் கீரை வளர்ப்போர்க்கு மட்டும் உரிய வினா என்று இதனை ஒதுக்குதல் தகாது. உழவில் அறம் நிற்குமிடம் மண்ணா, செய்வோன் மனமா என்பதே இதன் உட்கிடை.

ஆன்மிகம் என்னும் சொல், ஆன்மாவை ஒப்பாத நமக்குச் சற்று இடறவே செய்யும். எனினும் சொல்லோடு வழக்காடாமல் பொருளை நோக்குவோம். மகாராஷ்டிரத்து அமராவதி ஜில்லாவைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர், செலவில்லா இயற்கை விவசாயம் என்று தாம் பரப்பிய முறைக்குப் பின்னர் இப்பெயரையும் சூட்டினார். 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பீஜாமிர்தத்தால் விதையை நேர்த்தி செய்தல், ஜீவாமிர்தத்தால் மண்ணின் நுண்ணுயிர்களைப் பெருக்குதல், மூடாக்கு இடுதல், வாப்சா எனப்படும் பதத்தைக் காத்தல் ஆகிய நான்கும் அம்முறையின் தூண்கள். ஜீவாமிர்தமாவது, 200 லிட்டர் நீரில் நாட்டுப் பசுவின் சாணம் 10 கிலோ, கோமூத்திரம், வெல்லம் 2 கிலோ, பயற்று மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு பிடி ஆகியவற்றைக் கலந்து இரண்டு நாள் புளிக்க வைப்பது. புறத்திலிருந்து எதையும் விலைக்கு வாங்காதே, மண்ணில் வாழும் உயிர்களே பயிரை ஊட்டும் என்பது இவற்றின் சாரம்.

மண்ணில்லாப் பயிர்த்தொழிலோ வேறு வழியில் வந்தது. கலிபோர்னியாவின் கெரிக்கி என்னும் ஆசிரியர் 1937இல் இதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர் வைத்தார். நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1946இல் காலிம்போங் பகுதியில் ஷால்டோ டக்ளஸ் என்பார் இதனை எளிய முறையில் சோதித்தார். அது வங்காள முறை எனப் பெயர் பெற்றது.

இனி நான்கு தூண்களையும் நீரில் நாட்டிப் பார்ப்போம். விதை நேர்த்தி எங்கும் இயலும். வாப்சா என்பது வேரைச் சூழ நீராவியும் காற்றும் கலந்து நிற்றல். மூழ்கிய வேருக்குக் காற்று எட்டாவிடில் அது அழுகும் என்பதை நீர்ப்பயிர் வளர்ப்போரும் அறிவர். ஆகவே இவ்விடத்தில் இருவரும் ஒன்றையே சொல்கின்றனர். மூடாக்குக்கு அங்கே வேலை இல்லை. ஜீவாமிர்தத்தில்தான் வழி பிரிகிறது. நீர்ப்பயிரில் கால்சியம் நைட்ரேட் முதலிய உப்புகள் கரைந்து நேரே வேரை அடைகின்றன. இடையில் எந்த உயிரின் உதவியும் வேண்டுவதில்லை. மீன் தொட்டி நீரைப் பயிருக்குப் பாய்ச்சும் முறையில் நுண்ணுயிர்கள் மீண்டும் வந்து மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றித் தருகின்றன என்பது மெய்யே. ஆனால் அம்மீனைக் கொன்று விற்பதாயின், உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிபங்களுள் ஒன்று வந்து சேரும்!

மற்றொரு பக்கமும் உண்டு. பிக்குகள் நிலத்தைத் தோண்டுதலும், செடியை வெட்டுதலும், உயிருள்ள நீரை நிலத்தில் ஊற்றுதலும் விநயத்தில் பாசித்தியக் குற்றங்கள். ஏர் முனையில் புழுக்கள் மாள்வதைக் கண்டு இளவரசர் சித்தார்த்தர் மனம் கசிந்ததை அசுவகோஷர் காவியம் செய்தார். அங்ஙனமாயின் உழவே இல்லாத நீர்ப்பயிர் அஹிம்சைக்கு அதிக அணுக்கமன்றோ?

அவசரப்படலாகாது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிலோ லெட்டூஸ் கீரைக்கு வயலில் 250 லிட்டர் நீர் வேண்ட, நீர்ப்பயிருக்கு 20 லிட்டரே போதும் என்று கணக்கிட்டது. ஆற்றல் செலவோ வயலைப்போல் ஏறத்தாழ 82 மடங்கு. அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? நம் நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. நிலக்கரிக்கு நிலத்தைத் தோண்டாமல் முடியுமா? நைட்ரேட் உப்புக்கும் இயற்கை வாயுவை எரிக்கின்றனர். நம் கை மண்ணைத் தொடவில்லை என்பதால் மண் தோண்டப்படவில்லை என்று ஆகாது. அறியாது வாங்குவோனைக் கொலைஞன் என்று தம்மம் சொல்வதில்லை, சேதனையே கர்மமாதலால். அறிந்த பின்னரோ, ஆராயாதிருத்தலும் மனத்தின் ஒரு தேர்வே.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, நாம் விழுங்க இயலாத ஒன்றும் ஆன்மிக விவசாயத்தில் இருக்கிறது. மண்ணைப் போற்று என்கின்றனர். எவருடைய மண்ணை? ஒரு பசுவைக் கொண்டு 30 ஏக்கர் பயிரிடலாம் என்பது பாலேக்கர் வாக்கு. 30 ஏக்கர் உடையார் எத்தனை பேர்? நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் மண்ணை உழுது, பிறர் தொழுவத்துச் சாணத்தைச் சுமந்து, ஒரு சாண் நிலமும் பெறாது மாண்டனர். பசு புனிதமானதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பைப் பாபாசாகேப் 1948இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். சாணத்தை உரமாக ஏற்போம். அதில் ஏற்றப்பட்ட புனிதத்தை ஏலோம்.

கோலார் தங்கவயலை நினையுங்கள். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் பிரித்த சயனைடு மண் மேடுகள் ஊர் நடுவே இன்றும் நிற்கின்றன; காற்றடித்தால் அப்புழுதி குடியிருப்புகளில் படிகிறது. தாத்தனும் தந்தையும் பிறருக்காக நிலத்தின் அடி ஆழம்வரை தோண்டிய குடும்பத்தில் இன்று ஒருத்தி நல்ல மண் கிடைக்காமல் ஒரு டப்பாவில் கீரை வளர்ப்பாளாயின், அவள் மண்ணைத் துறந்தவள் என்று எவர் கூறத் துணிவார்?

ஆகவே நம் கருத்து யாதெனில், முறையின் கைவினை முழுவதும் நீருக்கு மாறாது. அதன் நற்பகுதியாகிய சிக்கனமும் உயிரிரக்கமும் மாறும். இயந்திரப் பம்பு இன்றி, மூடிய பாத்திரத்தில் நீர் தாழத் தாழ மேல்வேர் காற்றை உண்ணும் எளிய முறை ஒன்று உண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்து கிராட்கி என்பார் அதனை விளக்கியுள்ளார். அதற்கு மின்சாரம் வேண்டா. உப்பு வேண்டும், அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். அந்த அளவுக்கு அது செலவில்லா விவசாயமும் அன்று, ஆன்மிக விவசாயமும் அன்று. அப்பெயரை ஒட்டி அக்கீரையைக் கூடுதல் விலைக்கு விற்பது பொய்யுரையே. பெயரின்றியே வளர்க்கலாம், உண்ணலாம், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். எஞ்சிய உப்பு நீரை மட்டும் சாக்கடையில் கொட்டாமல், தெருவோரத்து மரத்திற்கு நல்ல நீருடன் கலந்து சிறிது சிறிதாக ஊற்றிவிடுக.