யார் செய்த வினை?

ராஜபாளையம் நாயின் பால்வெள்ளை நிறத்துக்கு மயங்காதவர் குறைவு. 2005-ல் அஞ்சல்தலையிலும் இடம்பிடித்த இனம் அது. ஆனால் குட்டிகளில் சில பிறவிச் செவிடு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாதபோது, கேட்கும் செல்கள் மடிந்துவிடுகின்றன. கைதட்டினால் மற்றவை திரும்பும். செவிட்டுக் குட்டி தூங்கிக்கொண்டே இருக்கும்.

அது செய்த பாவம் என்ன? வெள்ளையை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள்.

மனிதக் குழந்தை என்றால் மட்டும் ‘பெற்றவர் பாவம்’ என்கிறோம். பல பரம்பரை நோய்களில், தாயும் தந்தையும் குறையுள்ள ஒரே மரபணுவை நோயின்றிச் சுமந்தாலே, ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிவைத்தால், அப்படிப்பட்ட இருவர் சேரும் சாத்தியம் கூடுகிறது. இதில் தண்டனை எங்கே வந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் துளசிச்செடியடியில் கண்டெடுத்து மகளாக வளர்த்தார் பெரியாழ்வார் என்கிறது வைணவ மரபு. ரத்த உறவே இல்லாத மகளைக் கொண்டாடும் ஊரில், நோயோடு பிறந்த பிள்ளையின் தாயிடம் ஜாதகம் கேட்பது கொடுமை. அடுத்த பிரசவத்துக்கு முன் அவளுக்கு வேண்டியது மரபணு ஆலோசனை.