கூட யார் இருப்பார்கள்?

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் ஒரகடத்தில் வீடெடுத்திருக்கிறாள் என் பழைய மாணவி. மடிக்கணினியும் இணையமும் போதும். அலுவலகம் எந்த ஊரிலும் இருக்கட்டும். "இங்க சுதந்திரமா இருக்கேன் மேடம்" என்கிறாள்.

அவள் வாசலைத் தாண்டித்தான் ஷிப்ட் பேருந்துகள் போகின்றன. அந்தப் பெண்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. நல்ல கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் வேலை போனால் படுக்கையும் போகும். அப்பா வீடு, புருஷன் வீடு, இப்போது கம்பெனி வீடு. (ஊரில் அடைந்துகிடந்ததற்கு இதுவே மேல் என்று அவர்களில் பலர் சொல்வார்கள். அதையும் தள்ளிவிட முடியாது.)

மாணவியின் அறை அவள் சம்பாத்தியத்தில் வந்தது. அப்படியானால் அது அவளுடையதா? வீட்டுக்காரர் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல, கூட யார் இருப்பார்கள் என்பதை. இரவு பத்து மணிக்கு மேல் கேட் பூட்டப்படும் என்றார். மலிவு என்று நாம் சொல்லும்போது இந்தப் பூட்டையும் வாடகையில் சேர்த்துக்கொள்கிறோமா? ஒப்பந்தத்தில் கையெழுத்து அவள் அப்பாவுடையது. முன்பணம் மட்டும் அவளுடையது.