வேனிலும் ஓய்வும்: வேங்கடச் சூழலில் ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

இடைவிடாப் பணியே வாழ்வெனக் கருதப்படும் இக்காலத்தில், குழந்தைப் பருவத்துக் கோடை விடுமுறையை எண்ணி ஏங்குதல் பரவலாகக் காணப்படும் மனநிலையாகும். இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி கூறியது, ஓய்வு பற்றிய வினாவை மீண்டும் எழுப்பியது. கோடை ஏக்கத்தின் அறவியல் மதிப்பு யாது என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வேனிலும் பிரிவும்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் கூறும். திருமலையே அவ்வேங்கடம் எனக் கொள்வர். பாலைத் திணைக்குப் பொழுதாக வேனிலையும் நண்பகலையும், உரிப்பொருளாகப் பிரிதலையும் தொல்காப்பியர் வகுத்துள்ளார். அகநானூற்றில் மாமூலனார் பாடும் தலைவன், வேங்கடத்திற்கு அப்பாலுள்ள மொழிபெயர் தேயம் செல்கிறான். பொருளுக்காகப் பொழுதையும் உடனுறைவையும் இழக்கலாமா என்னும் வினா இந்நிலத்தில் மிகப் பழையது என்பது இதனால் புலனாகும். இன்று சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் மாறி மாறிப் பணிபுரிவோர் முன்னும் அவ்வினாவே நிற்கிறது.

யாருடைய ஓய்வு?

சித்தூர்ப் பகுதிச் சிறுவர்க்குக் கோடை என்பது மாந்தோப்பு நிழல், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்க் கீற்று, பாட்டி வீட்டுத் திண்ணை ஆகியவற்றால் ஆனது. மாங்காய் பறிப்போர்க்கும் கூடை சுமப்போர்க்கும் ஓய்வற்ற பருவம் தொடங்குவதும் அப்போதுதான். கோடையில் பங்கனப்பள்ளி வர, அதன்பின் சூன், சூலைத் திங்களில் கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி பறிக்கப்பட்டு மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு மூவேளையும் சமைத்த பாட்டிக்கு விடுமுறை இருந்ததில்லை. திருமலையிலும் பள்ளி விடுமுறையில் பெருகும் கூட்டம், முடி மழிப்போர், துப்புரவு செய்வோர், உணவு பரிமாறுவோர் ஆகியோரின் சுமையைக் கூட்டுகிறது.

எனவே, நினைவில் எஞ்சும் அந்த நீண்ட பிற்பகல் பிறர் உழைப்பால் கிடைத்த கொடை எனலாம். சிலரது ஓய்வு பலரது உழைப்பின்மேல் நின்றது என்றும், ஓய்வு அனைவர்க்கும் உரியதாக வேண்டும் என்றும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். அவ்வாறாயின் இவ்வேக்கம் வாய்ப்புப் பெற்றோரின் வெற்று உணர்ச்சிதானோ எனும் ஐயம் எழலாம். தமக்கே பொழுதில்லாதவர் ஒரு குழந்தைக்குப் பொழுதைத் தந்தனர் என்பதற்கு அவ்வேக்கமே சான்று. அதனை உணருங்கால் ஏக்கம் கடனாக மாறுகிறது.

செலவழுங்கல்

இக்கடனைத் தீர்க்கும் நெறியை அக மரபிலேயே காணலாம். பிரியத் துணிந்த தலைவன் இடையில் தயங்கி நிற்றல் செலவழுங்கல் எனப்படும். அது போகாதிருத்தல் ஆகாது என்றும், தலைவியைத் தேற்றுதல் பொருட்டு நிகழும் தாமதம் என்றும் தொல்காப்பியர் தெளிவுறுத்துகிறார். பொருள் தேடலை இம்மரபு மறுக்கவில்லை. ஆயின், விட்டுச் செல்லப்படுபவர்க்காக ஒரு பொழுது நிற்றலைக் கடமையாக்குகிறது.

இத்தகைய நிறுத்தம் தனிமனிதர் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. 2025-இல் ஆந்திர அமைச்சரவை வார வரம்பை மாற்றாமல் நாள் வரம்பை 10 மணியாக உயர்த்த ஒப்புதல் அளித்தது. வாரக் கணக்கில் மாற்றமில்லை எனினும், குழந்தை உறங்குமுன் வீடு திரும்ப வேண்டிய தாய்க்கு அந்த ஒரு மணி நேரம் சிறிதன்று.

முடிவுரை

இளமைக் கோடைக்கான ஏக்கம் தன் ஓய்வை மட்டும் மீட்க விழையுமாயின் தன்னலமாக முடியும். அவ்வோய்வைத் தந்தோர்க்கும், இன்றைய குழந்தைகளுக்கும் அதனைக் கிடைக்கச் செய்ய முற்படுமாயின் அறமாகும். மாந்தோப்பில் விளையாடிய சிறுவனின் நினைவோடு மாங்காய் பறித்தவரின் நினைவும் சேரும்போதே அக்கோடை முழுமையாக நினைக்கப்படுகிறது.